அஞ்சு நிமிஷத்தார்

கிண்ணியாவில் அசனாலெப்பை வீடு எது என்று கேட்டால், எந்த அசனாலெப்பை என்று திருப்பிக் கேட்பார்கள். அஞ்சு நிமிஷத்தார் வீடு என்றால் யாரும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஊர் அந்தப் பெயரை அவருக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு நோன்பு மாதம் முழுக்க மல்லுக்கட்டி வாங்கினார்.

அவர் திருகோணமலை டொக்யாட்டில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். கப்பல் திருத்துகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வாசலில் வேலையாட்களின் வரவைக் கொப்பியில் பதிகிற குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் நின்று, சுவரில் இருக்கும் பெரிய மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்வதுதான் அவருடைய வேலை. "ஏழு மூண்டு. ஏழு நாலு. ஏழு அஞ்சு." அதோடு வாசல் மூடப்படும். மூச்சு வாங்க ஓடி வருகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஏழு ஆறு" என்று சொல்லக்கூடிய மனிதர். சொந்த மச்சானுக்கும் ஒரு நாள் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த மச்சான் இரண்டு பெருநாளுக்கு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது அசனாலெப்பையும் வேலை இழந்து ஊருக்கு வந்தார். கையில் ஒரு சட்டைப்பை மணிக்கூடு. ஊரில் யாருக்கும் அவசரம் இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையான ‘பாதை’ பதினொரு நிமிஷம் பிந்திப் புறப்பட்டது என்று பாதை இழுக்கிறவர்களிடம் சொன்னார். கலியாண வீட்டில் நிக்காஹ் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிந்தியது என்று மாப்பிள்ளையிடமே சொன்னார். அவருடைய மனைவி நபீஸா முன்போலவே இடியப்பம் அவித்து விற்று வீட்டை நடத்தினாள். "இந்த வீட்டில நேரம் பார்க்கிற ஆள் வேற, வேல பார்க்கிற ஆள் வேற" என்று இடியப்பம் வாங்க வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

தொழுகையைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறாது, மாலை மஃரிப் பெரும்பாலும் தவறாது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்கு வருவதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அப்படிப்பட்டவர்தான் ஊருக்கே சுபஹு எத்தனை மணிக்கு என்று வழக்குப் பேச வந்தார்.

அறுபத்தொன்றாம் ஆண்டு நோன்பு. விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாடு முடிந்ததும் குசினிப் புகைக்குத் தப்பி, தேத்தண்ணிக் கோப்பையோடு கடற்கரைக்குப் போய் நிற்பது அவர் வழக்கம். நோன்பு ஆறாம் நாள் விடியற்காலை, கொட்டியார்க் குடாவுக்கு அப்பால் கிழக்கு வானத்தில் ஒரு வெள்ளை தெரிந்தது. விடிந்துவிட்டது என்று மனதில் பட்டது. டோர்ச் அடித்து மணிக்கூட்டைப் பார்த்தார். பள்ளியில் பாங்கு கேட்டபோது மறுபடி பார்த்தார். இடையில் இருபத்தொரு நிமிஷம். மறுநாளும் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் பார்த்தார். நான்கு நாள் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, பத்தாம் நாள் சுபஹுத் தொழுகை முடிந்து எல்லோரும் ஸலவாத்துச் சொல்லி எழும்புகிற நேரத்தில் பள்ளியின் நடுவே நின்றார்.

"நம்மட பாங்கு இருவத்தொரு நிமிஷம் பிந்திச் சொல்லப்படுகுது" என்றார், டொக்யாட் வாசல் குரலில். "விடிஞ்சதுக்குப் பிறகும் ஊரே சாப்பிட்டுக்கொண்டு இருக்குது."

பள்ளித் தலைவர் முஹம்மது தம்பி மரைக்கார் முதலில் சிரித்தார். எருமைத் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து, பாங்கின் முதல் சொல் காதில் விழும்வரைக்கும் சாப்பிடுகிறவர் அவர். பிறகு அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "விடிஞ்ச பிறகு சாப்பிட்டா நோன்பு கூடாதே. அப்ப நாம இவ்வளவு காலமும் பிடிச்சதெல்லாம்?"

"கழாத்தான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கழா என்றால் தவறிய நோன்பைத் திரும்பப் பிடித்துத் தீர்ப்பது.

மரைக்காருக்கு வயது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கியவர். நாற்பது வருஷம், வருஷத்துக்கு முப்பது. யாரோ விரல் மடித்துப் பார்த்து, ஒரு நாளும் விடாமல் பிடித்தால் மூன்றேகால் வருஷத்தில் முடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். மரைக்கார் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சத்தத்தில் ஒருவர் மட்டும் சேரவில்லை. மோதினார் ஸைனுலாப்தீன். மெலிந்த மனிதர், அசனாலெப்பையைவிடப் பத்து வயது இளையவர். பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் பாங்கு சொல்கிறார். கொழும்பில் அச்சடித்த தொழுகை நேரக் கலண்டர் சுவரில் தொங்கும், அதற்கு மேலே மணிக்கூடு. கலண்டரில் போட்டிருக்கும் நிமிஷத்தில் முள் வந்து நின்றால் அவர் கை காதுக்குப் போகும். அன்றைக்கு அவர் கலண்டரை ஒருதரம் பார்த்தார், அசனாலெப்பையை ஒருதரம் பார்த்தார், துவாலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பள்ளியில் ஓதிக்கொடுத்த ஜுனைது மௌலவி வாலிபர், அவசரப்படாதவர். "கண்ணால பார்க்கிற விசயத்துக்கு ஏன் வாயால சண்டை?" என்றார். "மார்க்கத்தில சுபஹு எண்டது மணிக்கூட்டில இல்ல, வானத்தில இருக்குது. போய்ப் பார்ப்பம்."

மௌலவி, மரைக்கார், அசனாலெப்பை மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். முதல் நாள் முகில். இரண்டாம் நாளும் முகில்தான், ஆனால் வடக்கே வெளிச்சம் கண்டு மரைக்கார் கத்தினார். "அந்தா! விடிஞ்சிட்டு!"

"அது டொக்யாட் லைட்டு" என்றார் அசனாலெப்பை. அந்த ஒரு விஷயத்தில் அவரோடு யாரும் வாதாடவில்லை.

மூன்றாம் நாள் வானம் துலக்கமாக இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்கையில், கிழக்கில் மங்கலான வெள்ளை ஒன்று அடிவானத்திலிருந்து மேல்நோக்கி எழுந்தது. அசனாலெப்பை மணிக்கூட்டைத் தூக்கிப் பிடித்தார். "இந்தா. நான் சொன்னது இதுதான். இருவத்தொரு நிமிஷம்."

மௌலவி சிரித்தார். அண்ணனைக் காக்கா என்பதும் அக்காவை ராத்தா என்பதும் ஊர் வழக்கம். "காக்கா, இது பொய் வைகறை. நல்லாப் பாருங்க. நரி வாலத் தூக்கின மாதிரி நட்டுக்கு நிக்குது. இதை நம்பி ஏமாந்துபோகாதீங்க எண்டு எங்கட இமாம்கள் அந்தக் காலத்திலயே சொல்லி வச்சிருக்கிறாங்க. உண்மையான வைகறை நட்டுக்கு நிக்காது. படுத்துக் கிடக்கும். கடல் விளிம்பு நீளத்துக்கும் பரவும். பொறுங்க."

பொறுத்தார்கள். நரிவால் மங்கியது. இருட்டு முன்னையைவிடக் கூடினாற்போல இருந்தது. அசனாலெப்பையின் முகம் எப்படி இருந்தது என்பதை அந்த இருட்டு மறைத்துவிட்டது. மரைக்கார் மட்டும் உற்சாகமாக இருந்தார். மூன்றேகால் வருஷம் தலையிலிருந்து இறங்குகிறதல்லவா! தயிர்ச் சட்டியைப் பற்றிக்கூடக் கதைக்கத் தொடங்கினார்.

"ஸ்ஸ்" என்றார் மௌலவி.

கடலின் விளிம்பில், நிலத்தில் பால் சிந்தியதுபோல, மெல்லிய வெள்ளை ஒன்று இடமும் வலமும் நீண்டுகொண்டு போனது. "இதுதான். நேரத்தைப் பாருங்க காக்கா."

அசனாலெப்பை பார்த்தார். மூவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று நிமிஷங்கள் போயின. ஐந்தாவது நிமிஷம் நிறைகிற நேரத்தில் ஸைனுலாப்தீனின் குரல் பள்ளியிலிருந்து எழுந்தது.

மரைக்கார் மறுபடியும் உட்கார இடம் தேடினார்.

அதாவது, அசனாலெப்பை பதினாறு நிமிஷம் பிழை, ஐந்து நிமிஷம் சரி. ஊர் பதினாறைச் சொல்லிச் சிரித்தது. அவர் ஐந்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்துதான் அவருக்கு அந்தப் பெயர்.

ஆனால் அந்த ஐந்து நிமிஷம் எங்கே போனது என்பது அவருக்கே விளங்கவில்லை. அச்சடித்த கலண்டர் எப்படிப் பிழைக்கும்? லிங்கநகரிலிருந்து வந்து கிண்ணியாவில் பூமிசாஸ்திரம் படிப்பித்த பாக்கியரத்தினம் மாஸ்டரைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே போனார். மாஸ்டர் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தோடம்பழத்தை எடுத்து அதில் பேனையால் இரண்டு புள்ளி வைத்தார்.

"இது கொழும்பு, இது நாங்கள். நாங்கள் கிழக்கில இருக்கிறம். பழத்தை இப்பிடிச் சுத்தினால் ஆருக்கு முதல் வெளிச்சம் படும்?"

"எங்களுக்கு."

"எவ்வளவு முந்தி?"

அசனாலெப்பை தோடம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு நிமிஷம்?"

"ஏறக்குறைய. உங்கட கலண்டர் பிழையில்லை. அது கொழும்பாருக்கு அச்சடிச்சது. கொழும்பான் விடியக் காத்திருந்தால் நீங்கள் பிந்தத்தான் செய்வியள்."

நன்றி சொல்லி வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "மாஸ்டர், அப்ப பொழுது படுகிறது?"

"அதுவும் அப்பிடித்தான். கொழும்புக்கு முந்தி எங்களுக்குப் படும். அஞ்சு, ஆறு நிமிஷம்."

நோன்பாளி ஓடக் கூடாது என்று சட்டம் இல்லை. அசனாலெப்பை பள்ளிவரைக்கும் ஓடினார். நாற்பது வருஷமாக ஊர் காலையில் ஐந்து நிமிஷம் கூடச் சாப்பிட்டிருக்கிறது, மாலையில் ஐந்து நிமிஷம் வீணாகப் பட்டினி கிடந்திருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னார். மரைக்காரின் முகம் மலர்ந்தது. "அப்ப கணக்குச் சரி!"

"அப்பிடிக் கொடுக்கல் வாங்கல் பார்க்கேலாது" என்றார் மௌலவி. பிறகு தீர்ப்புச் சொன்னார். இனிமேல் காலைப் பாங்கும் மாலைப் பாங்கும் ஐந்து நிமிஷம் முந்திச் சொல்லப்படும். போன வருஷங்களைப் பற்றி யாரும் கலங்க வேண்டாம். பாங்கை நம்பி, இரவு முடியவில்லை என்ற எண்ணத்தில் சாப்பிட்டவர்கள். எந்த நாளில் யார் விடிந்தபின் விழுங்கினார் என்பதற்குச் சாட்சி இல்லை. சந்தேகத்தை வைத்து நோன்பை முறிக்க முடியாது.

எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மௌலவி அசனாலெப்பை பக்கம் திரும்பினார்.

"காக்கா, நீங்க நாலு நாள் கடற்கரையில நிண்டு பார்த்தீங்க. விடிஞ்சது எண்டு உங்களுக்கு நிச்சயமாப் பட்டது. அப்ப தேத்தண்ணியக் கீழ வச்சீங்களா?"

அசனாலெப்பை தொப்பியைச் சரிசெய்தார்.

"பாங்கு சொல்லல்லயே, மௌலவி."

"பாங்கு பிழை எண்டு சொன்னது நீங்கதானே? பாங்கு சொல்லுற வரைக்கும் குடிச்சீங்க?"

"...கோப்பையில இருந்தத மட்டும்."

"ஊருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அப்ப நாலு நாள் கழா, உங்களுக்கு மட்டும்."

பள்ளியில் எழுந்த சிரிப்பு, தொழுமுன் கைகால் கழுவும் ஹவுள் தொட்டியின் கரையையும் தாண்டிக் கேட்டதாகச் சொல்வார்கள். பெருநாள் கழிந்த பிறகு அந்த நான்கையும் அவர் பிடித்தார். மூன்றாவது நாள் மரைக்காரின் மகளுடைய கலியாணம். எல்லாச் சஹன் தட்டிலும் கை இறங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கைகட்டி நின்றார். சாப்பிடாத காரணம் தெரியாதவர்களுக்கு மரைக்கார் தாமே போய் விளக்கினார்.

அந்த நோன்பில் பெண்களிடம்தான் அவர் அதிகம் பேச்சு வாங்கினார். அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு ஐந்து நிமிஷம் என்பது ஒரு கறி. "உங்கட மனுசன் எங்கட ஸஹரத் திண்டுட்டார், ராத்தா" என்று நபீஸாவிடம் முறையிட்டார்கள். ஆனால் மாலையில் கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கையில், போன வாரத்தைவிட முந்திப் பாங்கு கேட்டதும், காலையில் திட்டிய வாய்களே துஆச் செய்தன.

அந்த மாலைகளில் பாங்கு சொன்ன குரல் ஸைனுலாப்தீனுடையது இல்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டோடு இருந்தார். வேறொருவர் சொன்னார். மூன்றாம் நாள் நபீஸா இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டே கணவனிடம் சொன்னாள்: "மோதினார்ர பொஞ்சாதி லைலா வந்தவ. தொண்டையில ஒண்டும் இல்லையாம். மனுசன் கூரையப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காராம்."

அசனாலெப்பை போனார். மோதினார் பாயில் எழுந்து உட்கார்ந்தார். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள் லைலா.

"பிழை உங்கட இல்ல, தம்பி. கலண்டர்ர" என்று தொடங்கினார் அசனாலெப்பை.

"தெரியும் காக்கா. மௌலவியும் வந்து சொன்னவர்." மோதினார் முழங்காலைக் கட்டிக்கொண்டார். "கலண்டர் கொழும்புர. மணிக்கூடு பள்ளிர. ஆனா குரல் என்ர எல்லோ? பத்தொம்பது வருஷம் காய்ச்சலோட போய்ச் சொன்னன். மழையில போய்ச் சொன்னன். என்ர குரலக் கேட்டுத்தான் ஆக்கள் சாப்பாட்ட நிப்பாட்டினாங்க. நான் ஒரு நாள் வெளிய வந்து வானத்தப் பார்க்கல்ல."

டொக்யாட்டில் ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்து "ஏழு ஆறு" என்று சொன்னவருக்கு இந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளியின் நடுவில் நின்று கத்துவதற்கு முன் இந்த வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை.

"நீங்க அஞ்சு நிமிஷம்தான் பிழை" என்றார் கடைசியில். "நான் பதினாறு. நரி வாலப் பார்த்து ஏமாந்த ஆள். அதோட நாலு நாள் கழாவும் எனக்கு."

ஸைனுலாப்தீன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. உள்ளே லைலாவும் சிரித்தது கேட்டது.

அடுத்த நாள் விடியற்காலை இருவரும் கடற்கரையில் நின்றார்கள். மோதினார் வெள்ளை பரவுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். அதன்பிறகு வானம் துலக்கமாக இருந்த நாளெல்லாம் அதுதான் வழக்கம். வெள்ளை இன்னும் படவில்லை என்பார் ஒருவர், பட்டுவிட்டது என்பார் மற்றவர். முகிலா பனியா என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனது குறைவு.

அறுபத்து நான்கு மார்கழியில் சூறாவளி அடித்தது. கூரைகள் போயின, தென்னைகள் போயின, படகுகள் காணாமற்போயின. பள்ளி மணிக்கூடு சுவரோடு விழுந்து நொறுங்கியது. அசனாலெப்பையின் சட்டைப்பை மணிக்கூடு இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்து துருவேறியது. ஊரில் மிஞ்சியவை மரைக்காரின் கைக்கடிகாரமும் கடைக்காரர் ஒருவருடையதும்தான். இரண்டுக்கும் இடையில் கால் மணித்தியாலம் வித்தியாசம். எது சரியென்று கேட்க வானொலி இருந்த வீடு இடிந்து கூரையின் கீழ் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் நோன்பும் பிறந்தது. வானம் முழுக்க மாரி முகில். பார்க்க வெள்ளையும் இல்லை, நரிவாலும் இல்லை.

வீடிழந்தவர்கள் பள்ளியிலும் அதைச் சுற்றியும் தங்கியிருந்தார்கள். நபீஸா பள்ளி வளவில் அடுப்பு மூட்டி, நிவாரணமாக வந்த கோதுமை மாவில் அவர்களுக்கு ஸஹருக்கு இடியப்பம் அவித்தாள். மௌலவி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்.

"ராத்தா, எத்தன மணிக்கு எழும்புறீங்க?"

"ஆர்க்குத் தெரியும்? கண் முழிக்கும், எழும்புவன். இருவத்தஞ்சு வருஷமா அப்பிடித்தான். இடியப்பத்தில மூண்டாவது அவியல இறக்கையிக்குள்ள விடியும்."

மௌலவி மோதினாரையும் அசனாலெப்பையையும் கூப்பிட்டார். முகில் மூடி வைகறை தெரியாத நாளில் பழகின வேலையை வைத்து நேரத்தை மட்டிடலாம் என்று சட்டம் இருக்கிறது என்றார். ஓதுகிறவர் வழக்கமாக ஓதி முடிக்கிற அளவு, தையற்காரர் தைத்து முடிக்கிற துணி, அப்படி ஏதாவது ஒன்று. "எங்களுக்கு ராத்தாட இடியப்பம்."

அசனாலெப்பைக்கு இதை ஏற்கக் கஷ்டமாக இருந்தது. "அது அரிசி மாவுக்குச் சரி. இது கோதும மா. பிழியிறது இறுக்கம். அவியலுக்கு ரெண்டு நிமிஷம் கூடும்."

"அப்ப நீங்க பிழியுங்க" என்று உரலை நீட்டினாள் நபீஸா.

அவர் பிழிந்தார். வேறு வழியில்லை. முகில் விலகிய இரண்டு காலைகளில் மோதினார் கடற்கரையில் நின்று, வெள்ளை பட்டதும் டோர்ச் காட்டினார். இரண்டு தடவையும் மூன்றாவது அவியல், அவிக்கிற நீத்துப்பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பேணுதலுக்காக இரண்டாவது அவியலோடு சாப்பாட்டை நிறுத்துவது, மூன்றாவதை இறக்கிப் பாங்கு சொல்வது, அந்த அவியல் சின்னப்பிள்ளைகளுக்கு என்று தீர்மானமாயிற்று.

"எனக்கு ஒரு தும்மல் வந்தா ஊருக்கே சுபஹு பிந்தும்" என்றாள் நபீஸா. ஆனாலும் அந்த நாட்களில் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. மரைக்காரே வந்து, "ராத்தா, இன்னும் ரெண்டு வாய்க்கு இடம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் தயிரைத் தொட்டார். பதினெட்டு நாள் கிண்ணியாவின் அந்தப் பகுதி அவள் கையால் விடிந்தது. பத்தொன்பதாம் நாள் பாதை ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் திருகோணமலையிலிருந்து புது மணிக்கூடு வந்தது.

அசனாலெப்பை எழுபத்தாறில் காலமானார். கடைசி நாலைந்து வருஷம் இரு கண்ணிலும் வெண்படலம். ஒப்பரேஷனுக்குப் பயந்தார். ஆனாலும் மோதினாரின் தோளைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் கடற்கரைக்குப் போவதை விடவில்லை.

"பட்டிட்டா, தம்பி?"

"இன்னும் இல்ல காக்கா."

"நல்லாப் பாருங்க. காத்து மாறிட்டு."

"இல்ல காக்கா, இருட்டுத்தான்."

"உங்களுக்கு எப்பவும் பிந்தித்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் ஸைனுலாப்தீன் அவரைத் தோணி ஒன்றின் விளிம்பில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். கண் தெரியாத ஆளோடு வானத்தைப் பற்றி வாதாடி ஒரு நாள்கூட வெல்லவில்லை என்று தொழுகைக்கு வந்தவர்களிடம் அலுத்துக்கொள்வார்.

"அப்ப ஏன் கூட்டிக்கொண்டு போறீங்க?" என்று யாராவது கேட்டால், "தனியப் போனா ஆரோட சண்டை பிடிக்கிற?" என்பார்.